தெய்வாத்தாளின் வாத்துப் பெட்டி

தெய்வாத்தாள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுபவர். தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைச் சிறு கத்தரியால் நறுக்குவதுதான் அந்த வேலை. வேலம்பாளையத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. கணவர் இறந்த பிறகு பதினாறு ஆண்டுகள் அந்தக் கத்தரியை நம்பியே தனியாக வாழ்ந்தார். 1968 ஐப்பசியில் கம்பெனி அவரை நிறுத்தியது. ஆர்டர் குறைவு என்று எங்களிடம் சொன்னார்.

காங்கயத்துக்குப் பக்கத்திலிருந்து தம்பி ஈஸ்வரமூர்த்தி வந்து, தன் வீட்டிலேயே இருந்துவிடும்படி அழைத்தார். தம்பி மனைவியின் கையை எதிர்பார்த்துச் சாப்பிடத் தெய்வாத்தாளுக்கு மனமில்லை. வாத்து வளர்க்கப் போவதாகவும், தைக்குள் அது தேறாவிட்டால் தானே வந்துவிடுவதாகவும் சொன்னார். வாத்து முட்டை மூலச் சூட்டைத் தணிக்கும் என்று, நாளெல்லாம் மெஷினில் உட்கார்ந்திருக்கும் டைலர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். அந்தக் கணக்கு சரிதான்.

“ஏனுங்க்கா, நொய்யல் ஆத்துல பிளீச்சிங் தண்ணி ஓடுது. கருப்பு வாத்து எறங்குனா வெள்ளை வாத்தாத்தான் ஏறும்” என்றார் தம்பி.

“வெள்ளைக்குத்தான் இந்த ஊருல மவுசு, போடா.”

வீரபாண்டிப் பக்கம் அறுவடை வயலில் கிடை போட்டிருந்த வாத்துக்காரரிடம் இருபது குஞ்சுகள் வாங்கினார். தாயில்லாத குஞ்சுகள் என்பதால் சூடு வேண்டும். வீட்டுக்குள் பெட்டி வைத்து, மேலே பல்பைத் தொங்கவிட்டு, குஞ்சு வளர வளர அதை உயர்த்த வேண்டும். குஞ்சு இறங்கி நனையாதபடி தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும். அடியில் நறுக்கிய வைக்கோல் பரப்ப வேண்டும் என்று வாத்துக்காரர் சொல்லி அனுப்பினார்.

தெய்வாத்தாள் ஒரு தேயிலைப் பெட்டி வாங்கினார். வீட்டில் இருந்த ஒரே பல்பை அதன்மேல் இறக்கிக் கட்டிவிட்டு, தாம் சிம்னி விளக்கில் சமைத்தார். குஞ்சின் உயரத்துக்கு உள்ளங்கையைத் தாழ்த்திச் சூடு பார்ப்பார். காதைக் கொடுத்துக் கேட்பார். குஞ்சுகள் கத்தினால் குளிர் என்று பல்பை இறக்குவார், முணுமுணுத்தால் விட்டுவிடுவார். கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக் கூடியதை ஏன் கையாலும் காதாலும் அறிகிறார் என்று நான் யோசிக்கவில்லை.

வைக்கோலுக்கு மட்டும் பதிலாக, கம்பெனிகளில் கழித்துப்போடும் நூலும் துணுக்குமான பனியன் வேஸ்ட்டைப் போட்டார். எங்கள் ஊரில் தலையணைக்குள்ளும் அதுதான், தொட்டிலுக்குள்ளும் அதுதான். வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. அதில் எங்களில் ஒருவருக்கும் தவறு தோன்றவில்லை.

முதல் வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு குஞ்சு காலை இழுத்து நடந்தது. விளக்கெண்ணெய் தடவினார். வேறு சில தீனி எடுக்காமல் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தன. குளிர் என்று நினைத்துப் பல்பை இறக்கினார். மறுநாள் மூன்று செத்துக் கிடந்தன.

என் மனைவி சாரதாமணி நொண்டிக் குஞ்சை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டினாள்.

“அக்கா, காலைச் சுத்தி நூலுங்க. கறி வரைக்கும் அறுத்துப்போட்டுது.”

இன்னொரு குஞ்சின் அலகோரத்தில் நுனி ஒன்று தெரிந்தது. அவள் மெல்ல இழுத்தாள். நூல் வந்துகொண்டே இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். தெய்வாத்தாள் குனிந்து பார்த்தார்.

“எங்க கண்ணு நூலு?”

அது அவர் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனி அவரை நிறுத்திய காரணம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாரதாமணி வேஸ்ட்டை அள்ளி எறிந்துவிட்டு மணலைப் பரப்பினாள். கால்களில் இருந்த நூல்களை அறுத்தெடுத்தாள். விழுங்கிய நூலை என்ன செய்ய முடியும்? பொங்கலுக்கு முந்திய வாரம் கடைசிக் குஞ்சும் போயிற்று.

ஈஸ்வரமூர்த்தி வண்டி கொண்டுவந்தார். இந்த முறை கேலி பேசவில்லை. பாத்திரங்களை ஏற்றிவிட்டு, பெட்டி வேண்டுமா என்று கேட்டார். தெய்வாத்தாள் வேண்டாம் என்றார். ஆனாலும் வெறும் பெட்டிக்குள் கையை விட்டு, உள்ளங்கையைப் பல்புக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அது அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தது.

“சூடு சரியாத்தானுங்க வெச்சிருந்தேன்” என்று என்னிடம் சொன்னார்.

தம்பி வீட்டில் அவருக்குச் சோற்றில் குறை வைக்கவில்லை. ஆனால் அரிசியில் கல் பொறுக்கக்கூட யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. 1974 ஆடியில் அங்கேயே இறந்தார்.