வைக்கோல்போருக்குப் பின்னால் மூன்று சேலைகள்

வலி வரும், வலி வரும் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எனக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவமே மோகனூர்ப் பக்கம் மாமியார் வீட்டில்தான். அன்று விடியற்காலையில் மாட்டுக் கட்டுத்தரையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது தொடை வழியே வெதுவெதுப்பாக ஓடியது. மூத்திரத்தை அடக்க முடியாமல் போய்விட்டதே என்று கூசிப்போனேன். சேலையை அலசி, வைக்கோல்போருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் உலர்த்தினேன். சற்று நேரத்தில் மாற்றுச் சேலையும் நனைந்தது. அதையும் அங்கேயே போட்டேன்.

பத்து மணி வாக்கில் இடுப்பு லேசாக வலித்தது. மாமியார் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பிள்ளை வலியென்றால் கஷாயம் குடித்ததும் ஏறும், சூட்டு வலியென்றால் அடங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. எனக்கு அடங்கிவிட்டது.

“சூட்டு வலிதான் சாமி. இன்னும் நாளிருக்குது,” என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பெரிய ரோஷக்காரி நான். சேலையை நனைக்கிற மருமகள் என்று பேர் வாங்குவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது. வயிற்றில் பிள்ளை புரளுவது குறைந்ததுகூட உறைக்கவில்லை.

உச்சிவேளையில் மூன்றாவது சேலையை அலசப் போனபோது மாமியார் பார்த்துவிட்டார். வெடுக்கென்று பிடுங்கி மோந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“அய்யோ சாமி, தண்ணிக்கொடமல்ல ஒடஞ்சிருக்குது! எப்ப இருந்து?”

“இப்பத்தானுங்க அத்தை,” என்றேன்.

ஆலைக்குப் போன கரும்பு வண்டியை மறித்து, பாதிக் கரும்பை ரோட்டிலேயே தள்ளிவிட்டு என்னை ஏற்றினார்கள். வழியெல்லாம் வயிற்றில் கை வைத்தபடியே போனேன். ஒரு உதைகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா குழலை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். “துடிப்பு கம்மியா இருக்குது. தண்ணி எப்பப் போச்சு?”

“மத்தியானந்தானுங்க,” என்றார் மாமியார், என்னை நம்பி.

நர்சம்மா கேட்ட தோரணையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, பிள்ளையின் உயிர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று.

“இல்லீங்க, விடியறப்பவே போயிருச்சுங்க. நாந்தான் சொல்லுலீங்க.”

நர்சம்மா டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

பொழுது சாய்வதற்குள் இடுக்கி மாதிரி ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். நீலம் பாரித்துக் கிடந்தது. தட்டினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெண் குழந்தை.

மாமியார் திட்டித் தீர்ப்பார் என்று காத்திருந்தேன். பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டே, “எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன சாமி வெக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கே இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது, வலி மட்டுமல்ல, தண்ணீரும் வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.