வெட்டு மேசையில் ஒரு வேளைச் சாப்பாடு

தையலக்கா வீட்டில் பெரிய மர மேசை இருந்தும், அந்த வீட்டார் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற அது, ஊரார் துணியை விரித்து வெட்டுகிற மேசை. "ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் என் தலைதான் உருளும்" என்று தண்ணீர்ச் செம்பைக்கூட அதன்மேல் வைக்க விடமாட்டாள். பஸ் கண்டக்டரான கணவர், வலிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சம்மணம் போடும்போது, "சிம்மாசனம் இருக்கு, உட்காரத்தான் கொடுத்து வைக்கல" என்று முணுமுணுப்பார்.

அவளுக்கும்தான் கொடுத்து வைக்கவில்லை. வெட்டுவதென்றால் நிற்க வேண்டும். உட்காருவதென்றால் தையல் மெஷின். இடுப்பு கடுக்கும்போது மேசை விளிம்பில் கொஞ்சம் சாய்வாள். என்றைக்காவது இதில் தட்டை வைத்து, காலை நீட்டி உட்கார்ந்து, அவசரமில்லாமல் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று அப்போதெல்லாம் தோன்றும்.

அதே மேசைக்கடியில் வெட்டுத்துண்டுகளில் புரண்டு வளர்ந்த மகள், குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி வெளியூருக்கு வேலைக்குப் போனாள். தையலக்காவுக்குக் கண் மங்கியது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டி வந்த நாளில், "போதும்டி" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மெஷினை மூடினாள்.

மகள் விடுமுறைக்கு வந்த அன்று, தையலக்கா மேசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உலர்ந்த துணியால் தூசி தட்டி, நனைத்து இறுகப் பிழிந்த துணியால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே துடைத்தாள். அளவுக் கோட்டைத் துணியில் பதிக்க உருட்டும் பற்சக்கரம், பலகை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தடம் போட்டிருந்தது. அதில் கோடு போடும் சாக்பீஸ் தூளும் பஞ்சும் ஏறிக் கெட்டிப்பட்டிருந்ததைப் பழைய பல் பிரஷ்ஷால் கிளறினாள். பிறகு உப்புத்தாளை எடுத்தாள்.

மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா பண்றே? தேய்ச்சா எல்லாம் போயிடும்!"

"போகத்தானே தேய்க்கிறேன்."

"இது உன் வாழ்க்கைம்மா."

"முதுகுவலிடி. எங்க தொட்டாலும் சொரசொரன்னு இருக்கு பாரு."

"சாப்பிட வேற மேசை வாங்கித் தரேன். இத இப்படியே வெச்சிருப்போம்."

"வெச்சு? டிக்கெட் போட்டுக் காட்டப் போறியா?"

"டிக்கெட் நான் கிழிக்கிறேன்" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

மகள் சிரிக்கவில்லை. இந்தக் குழிகளை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்? தான் எங்கிருந்து வந்தோம் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டுமோ, மேசைக்கடியில் படுத்திருந்த குழந்தையை விட்டுப் போக மனமில்லையோ. கேட்டால் அவளுக்கே தெரியுமா என்று தையலக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது.

"சிரிக்காதே, சொல்றேன்" என்றாள். "இதுல உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும்னு, நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்தே எனக்கு ஆசை."

மகள் உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "தள்ளு."

ஆனால் ஒவ்வொரு தடத்துக்கும் நின்றாள். "இது யாரோடது?"

தையலக்கா விரலால் தடவினாள். "வளைவைப் பார்த்தா கைக்குழி. ஸ்கூல் சட்டையா இருக்கும்."

"இது?"

"கழுத்து. வீதிக்கோடி டீச்சரம்மாவோடது. மூணு தடவை பிரிக்க வெச்சா, மகராசி."

"ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நிறுத்தினா எப்ப போய்ச் சேர்றது? பசிக்குது!" என்றார் கண்டக்டர்.

ஓரத்தில் சின்னஞ்சிறு தடம் ஒன்று இருந்தது. தையலக்காவின் விரல் அதன்மேல் இரண்டு தடவை போய் வந்தது. "உன்னோட முதல் கவுன். யாரோ விட்டுட்டுப் போன மிச்சத் துணி. நீ அடியில தூங்கிட்டிருந்தே. சத்தம் கேட்டு முழிச்சுக்கப் போறியேன்னு சக்கரத்தை மெதுவா உருட்டினேன்."

"இத மட்டும் விட்டுடலாமாம்மா?"

தையலக்கா தடத்திலிருந்து விரலை எடுத்தாள். "அங்கதான் உன் தட்டு வரும். தேய்."

சாயங்காலத்துக்குள் பலகை வழுவழுப்பாகி, தேன்மெழுகு பூசி மினுங்கியது. மெழுகு இறுக ஒரு ராத்திரியாவது விடச் சொல்லியிருந்தார் கடைக்காரர். யாருக்குப் பொறுமை? நாற்காலிகள் வந்தன. மகள் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நினைவு வந்து தூக்கினால், மூடுபனி போல வெள்ளையாக ஒரு வட்டம்.

"ஐயோ அம்மா!"

பழக்க தோஷத்தில் தையலக்காவின் கை துடைக்கும் துணியைத் தேடிப் பாதி தூரம் போனது. பிறகு திரும்பி வந்து தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தது.

"நாளைக்குப் பார்த்துக்கலாம். உக்காரு, ஆறிடப் போகுது."