நுரை நிற்கும்வரை

புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலையில், புண்ணைச் சமாளிப்பது சுலபம். புண்ணுக்குச் சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். வீட்டில் சர்க்கரைக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூர் போன பிறகு, திருவானைக்காவலில் ஒரு சின்ன கிளினிக்கில் உதவியாளாகச் சேர்ந்தேன். படிப்பு பத்தாவதுதான். கையுறை மாட்டுமுன் அகிலாண்டேஸ்வரியை ஒரு தரம் நினைத்துக்கொள்வேன்.

பொங்கினால்தான் மருந்து

முன்பெல்லாம் எந்தப் புண்ணானாலும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான். ஊற்றினால் புஸ்ஸென்று வெள்ளையாக நுரைக்கும். அழுக்கெல்லாம் வெளியே வருகிற மாதிரி மனசுக்குத் திருப்தியாக இருக்கும். எங்கள் டாக்டரம்மா அதை நிறுத்திவிட்டு சலைன் உப்புநீரில் கழுவச் சொன்னார். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் ஒருவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, நுரையே காணோம்? பச்சத் தண்ணிய ஊத்தி ஏமாத்துறீங்களா?"

வெளுத்துப்போகிற சதை

ரங்கராஜன் மாமா, ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பல்லக்கைத் தோளில் சுமக்கிறவர். செருப்பில்லாமல் வீதி சுற்றுகிற கால், சர்க்கரையும் உண்டு. உள்ளங்காலில், விரலடியில் புண். பங்குனி உற்சவத்துக்குள் ஆறினால் தோள் கொடுக்கலாம். ஆறாமல் உள்ளே இறங்கினால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

வேண்டிக்கொண்டேதான் கட்டுவேன். சிவப்பாகப் புதுச்சதை எட்டிப்பார்க்கும். அடுத்த முறை அவிழ்த்தால் வெளுத்துக் கிடக்கும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட வந்த மாமிதான் ஒருநாள் பொறுக்கமுடியாமல் டாக்டரம்மாவிடம் போட்டு உடைத்தார்.

"ஆத்துல தினம் கட்டை அவுத்துட்டு அந்த நுரை மருந்தை ஊத்திக்கறார் டாக்டர். நுரை நிக்கற வரைக்கும் விடமாட்டேங்கறார். அது எங்க நிக்கறது?"

அழுக்கா, உயிரா

டாக்டரம்மா கோபப்படவில்லை. அந்த மருந்திலிருந்து கிளம்புகிற ஆக்சிஜன் சரியான முரடு, கிருமியையும் அரிக்கும், புதிதாக வளர்கிற செல்லையும் அரிக்கும் என்றார். "உங்க செல்லு தன்னைக் காப்பாத்திக்க அந்த மருந்தை உடைக்குது மாமா. அதுதான் நுரை. உயிருள்ளதுல எதுல ஊத்தினாலும் பொங்கும்."

மாமா தலையாட்டினார். ஆனால் முகம் ஒப்புக்கொள்ளவில்லை.

"பெருமாள்கிட்ட போற கால்மா. சுத்தமா இருக்க வேண்டாமா?"

உருளைக்கிழங்கு

அடுத்த முறை நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கறிக்கு நறுக்கிய உருளைக்கிழங்கில் அந்த மருந்தைக் கொஞ்சம் ஊற்றிக் காட்டினாராம். "குபுகுபுன்னு பொங்கித்து. அலம்பி வச்ச கிழங்கு, இதுல என்ன அழுக்கைக் கண்டேள்னு கேட்டேன். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொட்டிட்டார்."

மாமா காலை என் பக்கம் நீட்டியபடி மெதுவாகச் சொன்னார்.

"கிழங்கே அந்தப் பாடு படறதுன்னா, என் கால் என்ன பட்டிருக்கும்!"

பங்குனி

விரல் தப்பியது. புண்ணும் மூடியது, ஆனால் தோல் இளசு, சுமை கூடாது என்றுவிட்டார் டாக்டரம்மா. உற்சவத்தன்று சேவிக்கப் போயிருந்தேன். உத்திர வீதி முனையில் மாமியோடு மாமா ஒதுங்கி நின்றிருந்தார். பல்லக்கு கடக்கும்போது அவருடைய வலத்தோள் தானாகக் கொஞ்சம் உயர்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அவரே சமாதானம் சொன்னார்.

"பெருமாள் காத்திண்டிருப்பார்மா. அவருக்கென்ன அவசரம்?"

இத்தனை நாளில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: புண்ணை ஆற்றுவது ஆண்டவன் வேலை, அதுவரைக்கும் புண்ணுக்குச் சொந்தக்காரர் கையைச் சும்மா வைத்திருக்கச் செய்வதுதான் எங்கள் வேலை.