இருநூற்றிருபது வாட்

என் தங்கையின் கணவருடைய சைக்கிள் மென்பொருளில் நான் ஒரு பொய்யான எண்ணைப் பதிந்தேன். கை தவறி அல்ல, தெரிந்தே பதிந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பொய் முதலில் எனக்காகத்தான் உண்டானது. எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, ஆஸ்திரேலியாவில் மருத்துவராக இருக்கும் என் மகள் ஒரு ஜோடி பெடல் அனுப்பினாள். நாம் மிதிக்கும் பலத்தை அது வாட்டில் அளக்கும். சவாரி முடிந்ததும் விவரம் முழுவதும் அவளுடைய கணினிக்குப் போய்விடும். ஒரு மணி நேரம் விடாமல் அதிகபட்சம் எத்தனை வாட் மிதிக்க முடியும் என்பதை மென்பொருளில் நாம்தான் பதிய வேண்டும். அந்த ஒற்றை எண்ணை வைத்து அது நம் உழைப்பை ஏழு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கும். இரண்டாம் மண்டலம் நீலம். பேசிக்கொண்டே மிதிக்கும் வேகம் அது. நீலத்தைத் தாண்டக் கூடாது என்பது மகளின் உத்தரவு.

எனக்கு உரிய எண் நூற்றைம்பது. அதைப் பதிந்திருந்தவரை, கேரள எல்லையோரம் உதியன்குளங்கரையிலிருந்து வெள்ளறடைப் பக்கம் ஏறினால் கைப்பிடியில் மாட்டிய போனின் திரை மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறும். மகள் போனில் அழுவாள். இந்த வயதில் ஒருவர் என்னைக் கண்காணிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் நூற்றைம்பதை அழித்துவிட்டு இருநூற்றிருபது என்று போட்டேன். எண் பெரிதானால் அதே உழைப்பு லேசாகத் தெரியும். மறுநாள் அதே ஏற்றம் அடி முதல் முடி வரை நீலமாக வந்தது.

"இப்பதாம்ப்பா எனக்கு நிம்மதி," என்றாள்.

பிறகு அவள் புதிய பெடல் அனுப்பினாள். பழையதை என் மச்சினனுக்கு, அதாவது தங்கையின் கணவருக்கு, கொடுத்தேன். அவருக்கு அறுபத்திரண்டு வயது, சர்க்கரை உண்டு. நான் மின்சாரத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். அதனால் வாட் என்று எது வந்தாலும் நான் சொல்வதே அவருக்கு முடிவு.

"எனக்க நம்பரையும் நீங்களே போடுங்க அத்தான். இதெல்லாம் உங்களுக்க பிடியில உள்ள சாமானாக்கும்," என்றார். எங்கள் பக்கம் மனைவியின் அண்ணனும் அத்தான்தான்.

முறைப்படி செய்வதானால் அவரை இருபது நிமிடம் முழு மூச்சில் மிதிக்க வைத்து, வரும் சராசரியில் நூற்றில் ஐந்து குறைத்துப் பதிய வேண்டும். சர்க்கரைக்காரரை அப்படி விரட்டப் பயமாக இருந்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். ஏற்றத்தில் எப்போதும் என்னை முந்துகிறவர் அவர். அவருக்கு நூற்றைம்பது வந்தால், அத்தானுக்கு மட்டும் எப்படி இருநூற்றிருபது என்று கேட்பார். அந்தக் கேள்வி என் மகளிடம் போகும். அதற்குத்தான் பயந்தேன். ஒரே எடைதானே என்று சொல்லி என் எண்ணையே அவருக்கும் போட்டேன்.

மூன்றாம் வாரம், காலையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஏற்றத்தில் அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே கத்தினார்.

"அத்தான், நீலந்தான் காட்டுது. ஆனா மூச்சு கிட்டல்லியே!"

"பழகிரும். சவிட்டு மக்கா," என்றேன்.

மிதிக்கச் சொன்ன இந்தச் சொற்களைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. நிறுத்து என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அடுத்த வளைவில் அவர் இறங்கி, சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கையைத் தொட்டேன், ஜில்லென்று நனைந்திருந்தது. இடது தோள் வலிக்கிறது என்றார். ஆட்டோவில் நெய்யாற்றின்கரை போய்ச் சேரும்வரை அவர் தலை என் மடியில் கிடந்தது. அவர் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன்.

மருத்துவமனையில் அவரே போனை எடுத்துத் திரையைக் காட்டி மலையாளத்தில் சொன்னார். "டாக்டரே, ஞான் லைட்டாயிட்டாணு சவிட்டியது. நோக்கு, முழுவன் நீலம்."

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு லேசான உழைப்பிலேயே வலி வந்திருக்கிறது என்றால் தாமதிக்கக் கூடாது என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வராந்தாவில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க கூட இருந்ததுனால ஆளு உயிரோட கிட்டிச்சு," என்று அழுதாள்.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இதயக் குழாயில் ஒரு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். தினமும் நடக்கச் சொன்னார்கள். அவர் நடக்கவில்லை. நீலத்திலேயே இப்படி ஆயிற்றென்றால், ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. நாற்காலியைவிட்டு எழவே பயந்தார். கால்கள் வற்றின. "இப்படியே இருந்தா ஆளு கிடந்துபோவாருண்ணா," என்று தங்கை போனில் சொன்னாள். அவருடைய பயத்துக்கு மருந்து என்னிடம்தான் இருந்தது. அதைக் கொடுத்தால் அவர்கள் இருவரையும் இழப்பேன். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

கடைசியில் ஒரு பிற்பகல் மடிக்கணினியோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைய சவாரியைத் திறந்து காட்டினேன். நான் கொடுக்கப் பயந்த சோதனையை அந்த ஏற்றத்தில் அவர் தன்னை அறியாமலே முடித்திருந்தார். இருபது நிமிடச் சராசரி நூற்றைம்பத்துமூன்று. ஐந்து சதவீதம் போக நூற்று நாற்பத்தைந்து. அந்த எண்ணைப் பதிந்து, பழைய சவாரிகளுக்கும் பொருத்து என்று அழுத்தினேன். நீலமாக இருந்த ஏற்றம் முழுவதும் ஆரஞ்சும் சிவப்புமாக மாறியது.

அவர் திரையிலிருந்த சிவப்பை விரலால் தொட்டார்.

"அப்போ நான் லேசா சவிட்டல்ல."

"இல்ல. உயிரக் குடுத்துச் சவிட்டியிருக்கீங்க."

"மூத்திரம் போவக்கூட பேடிச்சுக் கிடந்தேன் அத்தான். மூணு மாசம்." பிறகு என் மகளைப் பற்றிக் கேட்டார், "மோளுக்கு அறியுமா?"

"இன்னும் சொல்லல்ல."

"சொல்லணும்," என்றார்.

தங்கை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சத்தம் போடவில்லை. "இனி இஞ்ச வரண்டாம் அண்ணா," என்றாள்.

நான் கணினியை மூடிக்கொண்டு இறங்கினேன். அவர்கள் வீடு சற்று மேட்டில் இருக்கிறது. கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சினன் தனியாக இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டுத் திரும்பி மேட்டில் ஏறத் தொடங்கினார். பாதி வழியில் நின்றார். அவர் குனிந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே நடந்தார்.