கதவை உடைத்த வீட்டுக்காரம்மா

எழுபதுகளின் நடுவில், நாங்கள் அல் ஐனில் குடியிருந்தபோது நடந்தது இது. அபுதாபியிலிருந்து உள்ளே தள்ளி, பாலைவனத்துக்கு நடுவில் இருக்கிற ஊர். அப்போது அங்கே பேரீச்சந்தோப்புகளும், புதிதாகப் போட்ட ரோடுகளும், எந்தப் பக்கம் பார்த்தாலும் பாதி எழும்பி நிற்கும் கட்டடங்களும்தான்.

என் கணவருக்கு ஒரு கட்டட கம்பெனியில் கணக்கு வேலை. மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது கிளம்பிப் போனவர், சில வருஷம் கேம்ப்பில்தான் இருந்தார். தனி வீடு இருந்தால்தான் குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்பது கம்பெனியின் கண்டிஷன். வீடு கிடைப்பதோ குதிரைக்கொம்பு. கடைசியில் ஓர் அரபுக்காரர் தன் காம்பவுண்டுக்குள் இருந்த இரண்டு வீடுகளில் ஒன்றை எங்களுக்கு விட்டார். மற்றதில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

நானும் மகளும் மதுரையிலிருந்து கிளம்பி, பம்பாய் வழியாகப் போய் இறங்கினோம். விமான நிலையத்தில் மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தன் அப்பாவை "மாமா" என்று கூப்பிட்டாள். அவர் சிரித்தார். பிறகு பெட்டியைத் தூக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் "அப்பா" என்று கூப்பிட ஆரம்பிக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. ஆரம்பித்த பிறகு வாயை மூடவில்லை, அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை கேம்ப்புக்கு லீவு. அன்று அவருடைய கம்பெனியில் வேலை செய்த கொத்தனார்கள் நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். எல்லாம் புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். கேம்ப்பில் ரொட்டியும் பருப்பும் தின்று நாக்கு செத்துப்போனவர்கள். நான் வைக்கிற வெறும் வத்தக்குழம்புக்கே கண் கலங்குவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் சமையலை வாழ்க்கையில் அந்த அளவுக்கு யாரும் பாராட்டியதில்லை. என் கணவரையும் சேர்த்துத்தான்.

வந்த அடுத்த கோடையில் வீட்டின் பின்பக்க மூலையில் ஒரு விரிசல் விழுந்தது. ஜன்னலின் ஓரத்தில் ஆரம்பித்துச் சாய்வாகக் கீழே இறங்கியது. சமையலறைப் பின்கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. முன்கதவு இருக்கிறதே, போகட்டும் என்று பின்கதவின் முன்னால் அரிசி மூட்டையை அடுக்கிவிட்டேன். என் கணவர் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட ஆள் தேடுகிறவர். வெள்ளிக்கிழமை சாப்பிட வந்த கொத்தனார்களின் மேஸ்திரியிடம் விரிசலைக் காட்டினார்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். "அஸ்திவாரம் எறங்கிருக்குக்கா. அடுத்த வெள்ளிக்கிழம நாங்க பாத்துக்குறோம். உங்க சோத்தத் தின்னுட்டு இதக்கூடச் செய்யலன்னா எப்புடி?" என்றார்.

வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல காரியம்தானே, அவர் வீட்டைத்தானே சரி செய்கிறோம், செலவு வைப்பானேன் என்று என் கணவர் அவரிடம் சொல்லாமலே விட்டுவிட்டார். காம்பவுண்டுக்குள் பின்பக்கம் நடந்ததால் அவர்களும் கவனிக்கவில்லை. மேஸ்திரியும் ஆட்களும் மூலையைத் தோண்டி, கல்லும் கான்கிரீட்டும் போட்டு, மணலை நிரப்பினார்கள். பிறகு நம் ஊரில் வீடு கட்டுகிற எல்லோரும் செய்வதைச் செய்தார்கள். ஹோஸ் பைப்பை எடுத்து அதில் தண்ணீரை விட்டார்கள்.

"தண்ணி குடிச்சாத்தான்க்கா மண்ணு அடங்கும். சாயங்காலம் சாயங்காலம் விட்டுக்கிட்டே இருங்க. எம்புட்டு விடுறீகளோ அம்புட்டுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார் மேஸ்திரி.

நானும் விட்டேன். பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரா என்று கொஞ்சம் மனசு உறுத்தினாலும், மகளுக்குக் கொண்டாட்டம். சுவரோரமாக அவள் கப்பல்கூட விட்டாள்.

சில வாரம் போனது. ஒருநாள் கூட்டும்போது முன்னறைத் தரையில் துடைப்பம் தட்டியது. நடுவில் தரை லேசாக மேடிட்டிருந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உனக்கு எப்போதும் ஏதாவது ஒரு குறை என்றார். அப்புறம் அந்த மேடு எண்ணெயில் போட்ட பூரி மாதிரி எழும்ப ஆரம்பித்தது. முன்கதவு உள்பக்கம் திறக்கிற இரும்புக் கதவு. திறக்கும்போதெல்லாம் தரையில் உரசிக் 'கர்ர்' என்று கத்தும். இழுத்துச் சாத்திப் பழகிக்கொண்டோம். மனுஷன் எதற்குத்தான் பழக மாட்டான்?

ஆகஸ்ட் மாத உச்சி வேளை. மகளுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். அவர் ஆபீசுக்குப் போகும்போது கதவை வெளியிலிருந்து பலமாக இழுத்துச் சாத்திவிட்டுப் போயிருந்தார். மதியம் கரண்ட் போனது. ஏசி நின்ற கொஞ்ச நேரத்தில் வீடு அடுப்பாகிவிட்டது. அந்தச் சூட்டை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மகளைத் தூக்கிக்கொண்டு மரநிழலுக்காவது போகலாம் என்று தாழ்ப்பாளை நீக்கினேன். கதவு அசையவில்லை. இழுத்தேன், காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். எழும்பின தரை கதவின் அடியைக் கவ்விப் பிடித்திருந்தது. பின்கதவோ எப்போதோ இறுகிப்போனது. ஜன்னலிலெல்லாம் கம்பி. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கரண்ட் இல்லாததால் மோட்டாரும் இல்லை.

மகள் முதலில் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தமிழில்தான், "யாராவது வாங்களேன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வந்தது வீட்டுக்காரம்மா. அதுவரை அவர்களும் நானும் கையசைத்துச் சிரித்துக்கொண்டதோடு சரி. வேறு பாஷை, வேறு பழக்கம், நடுவில் ஒரு முற்றம். முகத்தில் அந்த ஊர்ப் பெண்கள் போடும் பொன்னிற மூடி, அதற்குள் இரண்டு கண் மட்டும். ஜன்னல் வழியாகக் குழந்தையைப் பார்த்தார்கள். உடனே ஓடினார்கள். ஒரு கூஜா தண்ணீரோடு வந்து கம்பி வழியாகக் கொடுத்து, தலையில் ஊற்று என்று கையால் காட்டினார்கள். மறுபடி ஓடினார்கள். இந்தத் தடவை பக்கத்துப் பேரீச்சந்தோப்பிலிருந்து ஒரு கடப்பாரையை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்களுக்கு என் அம்மா வயது இருக்கும். அந்த வெயிலில், அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் சொந்த வீட்டுச் சுவரைத் தானே இடித்தார்கள். கதவு நிலையைச் சுற்றி ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததால் சிமெண்டு பொத்தென்று விழுந்தது. நிலையோடு கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து இடைவெளி கிடைத்தது. அந்தச் சந்து வழியாக மகளை நீட்டினேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "யல்லா, யல்லா!" என்று என் கையையும் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர்கள் வீட்டின் இருட்டான அறையில் ஈரத்துணி சுற்றி, பேரீச்சம்பழமும் மோரும் கொடுத்து மகளைத் தேற்றினார்கள். சாயங்காலத்துக்குள் அவள் தெளிந்து "அப்பா எங்கே?" என்று கேட்டபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

அப்புறம்தான் இன்னொரு பயம் ஆரம்பித்தது. வீட்டுக்காரர் வந்து தரையைப் பார்த்தார், பின்பக்கம் போய்ப் புது மண்ணைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. நியாயம்தானே? என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் கம்பெனி எஞ்சினியரைக் கூட்டிவந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். சுவரோரம் குழி தோண்டச் சொல்லி, மணலுக்கு அடியிலிருந்து பச்சையும் பழுப்புமாக ஒரு களிமண் கட்டியை எடுத்தார்.

"மேலதான் தங்கச்சி மணல். கீழ இருக்கிறது வேற சாமான். தண்ணி பட்டா வீங்கும், காஞ்சா சுருங்கும். முதல் வந்த வெடிப்பு சும்மா மண் காஞ்சதில வந்தது. அதை அப்பிடியே விட்டிருந்தாலே பெரிசா ஒண்டும் வந்திராது. உங்கட ஆக்கள் ஒரு குளத்தையல்லோ ஊத்தி வச்சிருக்கினம்" என்றார். திட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்துச் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. மண் காயவேண்டும், வீங்காத ஆழம் வரை தோண்டி அஸ்திவாரத்துக்குப் புதிதாகக் கால் கொடுக்கவேண்டும், அதுவரை வீட்டில் ஆள் இருக்கக்கூடாது. குறைந்தது சில மாதம் ஆகும்.

வீடு இல்லையென்றால் குடும்பம் இல்லை. கம்பெனியில் அதே பேச்சைத்தான் பேசினார்கள். குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிடுங்கள், வீடு கிடைத்தால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பிறகு' எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்தவள்தானே.

உடைந்த கதவு வழியாக உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வைத்துத் துணிகளை அடுக்கினேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைத் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. மகள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா சட்டையை ஏன்மா வைக்கல?" என்று கேட்டாள்.

வாசலில் நிழல் தட்டியது. வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டியைப் பார்த்தார்கள். எங்களைப் பார்த்தார்கள். உள்ளே வந்து பெட்டியின் மூடியை டப்பென்று சாத்தினார்கள்.

"இந்தியா மாஃபி" என்றார்கள். இந்தியா கிடையாது. தன் வீட்டைக் கையால் காட்டி, அரபியில் வேகமாக ஏதோ சொன்னார்கள். பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் என் கணவருக்கு உருதுவில் சொன்னார். அவர் முகத்தில் இன்னும் கோபம் முழுசாக இறங்கவில்லை. ஆனாலும் சொன்னார். குழந்தையைக் கையில் வாங்கிவிட்டேன், இனி அது என் பொறுப்பு, அதை ஊருக்கு அனுப்பச் சொல்ல கம்பெனிக்காரர்கள் யார் என்று கேட்கிறாளாம். "அவள் சொன்னால் எனக்கு வேறு வழியில்லை" என்று கடைசியில் கொஞ்சம் சிரித்தார்.

மறுநாள் அவரே கம்பெனிக்குப் போய், இவர்கள் என் வீட்டில் இருக்கிறார்கள், என் வீடு வீடு இல்லையா என்று கேட்டுவிட்டு வந்தார். உள்ளூர்க்காரர் நேரில் வந்து கேட்டால் கம்பெனிக்காரர்கள் என்ன பேசமுடியும்? விஷயம் அதோடு கலாஸ்.

பெண் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பெரிய அறையை எங்களுக்குக் காலி செய்து கொடுத்தார்கள். நாங்கள் சைவம் என்று தெரிந்து, முற்றத்தில் எனக்கென்று தனி அடுப்பு வைத்துக் கொடுத்தார்கள். நான் பெருங்காயம் போடும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா தும்முவார்கள். தும்மிக்கொண்டே வந்து என்ன என்று மூடியைத் திறந்து பார்ப்பார்கள். மகள் அவர்களிடம் அரபி கற்றுக்கொண்டு என்னையே அதட்ட ஆரம்பித்தாள்.

மேஸ்திரிக்கு விஷயம் தெரிந்தபோது மனுஷர் ஆடிப்போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் சாப்பிட மாட்டேன் என்று வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊர்ல இது சரிதான்க்கா. இங்கிட்டு மண்ணே நமக்கு எதிரியால்ல இருக்கு" என்றார். நான் தட்டை வைத்துவிட்டு, நீங்கள் சாப்பிடாவிட்டால் நானும் சாப்பிட மாட்டேன் என்று மிரட்டித்தான் உட்கார வைத்தேன். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் அவரும் ஆட்களும் தவறவில்லை. எஞ்சினியர் நின்று சொல்லச் சொல்ல வேலை நடந்தது. சுவருக்கு அடியில் ஒரே நேரத்தில் முழுக்கத் தோண்டக்கூடாதாம். ஓர் இடம் தோண்டி, கான்கிரீட் நிரப்பி, அது இறுகிய பிறகுதான் அடுத்த இடம். வீங்கின தரையைப் பெயர்த்துக் களிமண்ணை அள்ளிவிட்டு, காய்ந்த சரளையைப் போட்டு இடித்து இறுக்கினார்கள். வீட்டைச் சுற்றிலும் தண்ணீர் வெளியே ஓடும்படி சாய்வாகச் சிமெண்டு தளம். மேஸ்திரி ஆளே மாறிவிட்டார். யாராவது டம்ளரோடு சுவர்ப் பக்கம் வந்தால் போதும், "டேய், தண்ணிய அங்கிட்டுப் போயிக் குடிங்கடா!" என்று விரட்டுவார்.

குளிர்காலம் வந்தபோது எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். திரும்பினோம் என்றா சொல்வது, முற்றத்தைக் கடந்தோம். அன்று நான் வீட்டுக்காரம்மாவின் காலில் விழப் போனேன். அவர்கள் பதறிப்போய்த் தூக்கிவிட்டார்கள். மனுஷர் காலில் மனுஷர் விழக்கூடாதாம். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே அரபி வார்த்தை 'ஷுக்ரன்'. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தங்கள் வீட்டை நாங்கள் கெடுத்த கதையை அவர்கள் வாயிலிருந்து ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மகன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குத் தூக்கிவந்தது அவன் அப்பா. முதல் அடி எடுத்து வைத்ததும் அவன் ஓடியது அப்பாவிடம். அந்தக் காலத்தில் கணவனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு ஊரில் பிள்ளை வளர்த்த பெண்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். என் இரண்டு பிள்ளைகளும் அப்பாவின் மடியில் உட்கார்ந்து சோறு தின்று வளர்ந்தார்கள் என்றால், பாஷை தெரியாத ஒரு தாய் என் பெட்டியைச் சாத்தினதால்தான். அவர்களை நினைக்காமல் ஒருநாளும் நான் எங்கள் வீட்டில் எல்லோருக்குமாகச் சேர்த்துத் தட்டு வைத்ததில்லை.