கெட்டுப்போகாத படம்

எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருடமாக நிற்கும் அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் ‘ஒரே ஷாட்’. எவ்வளவு முரண்டு பிடிக்கும் பிள்ளையானாலும் ஒரே படம்தான். மூச்சை அடக்கச் சொல்லிக் கெஞ்ச மாட்டார். பிள்ளை வீறிட்டு அழுது, அடுத்த அழுகைக்குக் காற்றை இழுக்கும் நொடியில் பொத்தானை அழுத்திவிடுவார். அழுகிற பிள்ளைகளை அவருக்குப் பிடிக்கும். சத்தமே போடாத சமர்த்துப் பிள்ளைகளைக் கண்டால்தான் பயம்.

அன்று மத்தியானம் வந்த ஏழு வயதுச் சிறுமி மகா சமர்த்து. ரிவர்ஸ் எடுத்த கார் ஒன்று அவளைச் சுவரோடு வைத்து நெருக்கியிருந்தது. உடம்பில் கீறல் இல்லை, அழுகையும் இல்லை. சின்னச் சின்னதாக மூச்சு வாங்கினாள்.

படத்தில், இடப்பக்க நெஞ்சில் பெரிய காற்றுக் குமிழி. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறது என்று முடிவுகட்டிய இளம் டாக்டர், விலாவில் துளைபோட்டுக் குழாய் வைக்கத் தயாரானார். அம்மாளின் கண் வேறிடத்தில் நின்றது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் வலப்பக்கம் கோடு கிழித்தாற்போல் இருந்தது; இடப்பக்கம் கோட்டையே காணோம். அது கிழிந்து இரைப்பை மேலே ஏறியிருந்தால், டாக்டர் குத்தப்போவது இரைப்பையை.

ஆனால் படம் எடுப்பதுதான் அவர் வேலை. படிப்பது டாக்டர் வேலை. முன்பொருமுறை ஒரு பெரிய டாக்டரிடம் வாயைத் திறந்து, எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். எனவே உண்மையை விட்டுப் பொய்யைப் பிடித்தார்.

“டாக்டர், படம் கெட்டுப்போச்சு. என் தப்புதான்.”

“நீங்க எடுத்ததா? நல்லாத்தானே இருக்கு?”

“ஓரம் கலங்கியிருக்கு. இன்னொன்னு எடுத்துடறேன். அதுக்குள்ள மூக்கு வழியா வயித்துக்கு ஒரு குழாய் விட்டுட்டீங்கன்னா, வயிறு எங்க இருக்குன்னும் தெரிஞ்சுடும்.”

வயிறு வேறெங்கே இருக்கும் என்று டாக்டர் கேட்கவில்லை. அம்மாளை ஒரு கணம் பார்த்தார், குழாயை விட்டார். சிறுமியின் பக்கத்தில் நின்று இதைக் கேட்ட தாய்தான் பொரிந்து தள்ளினாள்: பிள்ளை வலியில் கிடக்கிறது, இங்கே ஒழுங்காகப் படம் எடுக்கக்கூட ஆளில்லை. அம்மாள் இரண்டாம் படத்துக்கு மெஷினை நகர்த்தினார்.

இரண்டாம் படத்தில் குழாய் வயிறு வரை இறங்கி, திரும்பி ஏறி, நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது. டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு அறுவை சிகிச்சை அறைக்குப் போன் போட்டார்.

சாயங்காலம் கிழிசலைத் தைத்து முடித்தாயிற்று, பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்று செய்தி வந்தது. தாய், இளம் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாள் கண்ணாலேயே அடக்கினார்.

தாய் அம்மாள் பக்கம் திரும்பி, பெரிய மனதுடன் சொன்னாள்: “நான் அப்போ கொஞ்சம் கோவப்பட்டுட்டேன். பரவால்லம்மா, தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்.”

“ஆமாம்மா,” என்றார் அம்மாள்.