கடைசி பெஞ்சில் ஜானகி

ஜானகி போன செய்தி பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போன மாதம் சேர்ந்த கணக்கு டீச்சர் பின்னம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் வகுப்பில் உட்காரப் போகும்போது போனை அணைத்து ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஜானகி போட்ட சட்டம். மணி அடித்து வெளியே வந்தபோது வராந்தாவில் எங்கள் பள்ளி ஆசிரியை மௌசுமி நின்றிருந்தாள். ஜானகிதி, அதாவது ஜானகி அக்கா, போய்விட்டார் என்று பெங்காலியில் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஜானகியின் பையன் என்னைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறான். தன் வகுப்பைப் பற்றி நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று புது டீச்சர் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டேன். பார்த்த வகுப்பைப் பற்றி அன்றே பேசிவிட வேண்டும் என்பது ஜானகியின் இன்னொரு சட்டம். அவள் இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

நம் தமிழ்ச் சங்க மலரில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஜானகியை லேக் கார்டன்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளின் கொலுவிலும், நம் சங்கத்து ஆண்டு விழாப் பந்தியில் சாம்பார் வாளியும் கையுமாகவும்தான் தெரிந்திருக்கும். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று அவளைக் கேலி செய்தவர்கள் உண்டு, நானே செய்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்தாள். அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. நாங்கள் இருவரும் தெற்குக் கொல்கத்தாவில் ஒரே பள்ளியில் இருபது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தோம். அவள் கணக்கு, நான் கெமிஸ்ட்ரி. டைம்டேபிள் போடும் தலைவலியும் என் தலையில்தான்.

பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கு ஓர் அறக்கட்டளை மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்தது. விடுமுறையில் ஆசிரியர்களை ஒரு ஹாலில் அடைத்துப் பயிற்சி கொடுத்தால், பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே எல்லாம் மறந்துபோகிறது. அதற்குப் பதிலாக அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரே மற்றவர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, பிறகு தனியாகப் பேசி, வேண்டுமென்றால் கூடவே நின்று நடத்தி உதவ வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அந்த வேலைக்கு இன்ஸ்ட்ரக்‌ஷனல் கோச் என்று பெயர். ஜானகியைத் தேர்ந்தெடுத்து, அவளுடைய பீரியட்களைப் பாதியாகக் குறைத்தார்கள். எந்த ஃபுட்பால் கிளப்புக்கு கோச் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் பயம். வகுப்பில் பின்னால் ஒருவர் வந்து உட்கார்ந்தால், நம்மைப் பற்றி மேலிடத்துக்கு எழுதப் போகிறார்கள் என்றுதான் நாங்கள் பழகியிருந்தோம். அறக்கட்டளை கொடுத்த படிவத்தை ஜானகி நிரப்பி, ஆபீசில் கொடுக்காமல் அந்த டீச்சர் கையிலேயே கொடுத்துவிடுவாள். வைத்துக்கொண்டாலும் சரி, கிழித்துப்போட்டாலும் சரி என்பாள். அப்படியும் ஒருவரும் நம்பவில்லை.

அவளைத் தட்டிக் கழிக்க எங்கள் ஆசிரியர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவள் வருகிற பீரியடில் டெஸ்ட் வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. இதில் கில்லாடி, பிமல்தா, அதாவது பிமல் அண்ணா, என்று எல்லோரும் அழைத்த மூத்த பூகோள ஆசிரியர். மூன்றாம் முறையும் அவர் டெஸ்ட் வைத்தபோது ஜானகி எழுந்து போய் ஒரு தாள் வாங்கிக்கொண்டு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து டெஸ்ட் எழுதினாள். மணி அடித்ததும் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தாள். பிமல்தா விடுவாரா? அதையும் திருத்தினார். ஜானகி ஃபெயில். நேற்று நடத்தியதிலிருந்துதானே கேட்டேன் என்று தாளை ஸ்டாஃப் ரூமுக்கே எடுத்து வந்து காட்டினார். மூன்றாம் கேள்வியில் என்ன கேட்கிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை, பிமல்தா என்றாள் அவள். அவர் முகம் சுருங்கியது. விடைத்தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே கேள்வியில் தடுமாறியிருந்தார்கள். அடுத்த வாரம் அவர் டெஸ்ட் வைக்கவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் மெல்ல மெல்லக் கதவைத் திறந்தார்கள்.

மூன்றாவது வருஷத்தோடு பணம் நின்றது. நிர்வாகக் குழுவின் செக்ரட்டரி ஜானகியைக் கூப்பிட்டு அனுப்பினார். பீரியட் விவரம் சொல்ல நானும் போனேன். மரியாதையான மனிதர், டீ வரவழைத்தார். கோச் வேலையைப் பள்ளிச் செலவிலேயே தொடரலாம் என்றார். ஆனால் ஒப்பந்த ஆசிரியர்களில் ஒருவரைக் குறைக்க வேண்டியிருக்கிறது, எல்லா வகுப்பையும் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான், யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று நீங்கள் சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும் என்றார். மௌசுமியின் பெயர் அடிபடுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாத பெண். ஹவுராவிலிருந்து தினம் லாஞ்ச் பிடித்து ஆற்றைத் தாண்டி வருவாள். அப்பாவின் லேத் பட்டறை மூடிய பிறகு அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. ஜானகி அவள் வகுப்பில் பல வாரம் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜானகி டீயை மேஜைமேல் வைத்தாள். "நான் பார்த்ததை உங்களிடம் சொன்னால் நாளையிலிருந்து எனக்கு யாரும் எதையும் காட்டமாட்டார்கள். அப்புறம் உங்களிடம் சொல்லவும் என்னிடம் ஒன்றும் இருக்காது" என்று பெங்காலியில் நிதானமாகச் சொன்னாள். வேண்டுமென்றால் நீங்களே எந்த வகுப்புக்கும் வந்து உட்காருங்கள், என் வகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள் என்றும் சொன்னாள். ஒரு ரிப்போர்ட்டும் தராத வேலைக்குப் பள்ளி எதற்காகச் செலவு செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜானகி சரி என்று எழுந்துவிட்டாள். கோச் வேலை அன்றோடு முடிந்தது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்தபடி அவளோடு சண்டை போட்டேன். குறை சொல்ல வேண்டாம், மௌசுமியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே, அந்தப் பெண் பிழைத்திருப்பாளே என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தியை நன்னா இருக்கான்னு சொன்னா, நான் பேர் சொல்லாதவாள்ளாம் என்ன ஆவா, சரோ?"

எனக்குக் கோபம் தீரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மௌசுமி ஜானகி வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். வெயிலில் வந்த முகம் சிவந்திருந்தது. செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஜானகிதி என்று கேட்டு அழுதாள். ஜானகி அவளுக்குச் சாதம் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் சொல்லமாட்டேன், தலைமையாசிரியையை நீயே உன் வகுப்புக்குக் கூப்பிடு, அதுவரை தினமும் உன்னோடு உட்கார்ந்து பாடம் தயார் செய்கிறேன் என்றாள். மௌசுமி சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனாள். கல்நெஞ்சுக்காரி என்று நான் ஜானகியை வாய்விட்டே திட்டினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனபோது பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அவ வேலை போயிடுத்துன்னா நான் எப்படிடி தூங்குவேன்?" என்றாள்.

மௌசுமி அடுத்த வாரம் தலைமையாசிரியையைத் தன் வகுப்புக்கு அழைத்தாள். ஜானகியின் உதவியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பெண்ணை அனுப்ப எனக்குச் சம்மதமில்லை என்று தலைமையாசிரியை செக்ரட்டரியிடம் சொல்லிவிட்டார். அந்த வருஷம் ஓய்வு பெற்ற ஒருவர் இடத்தில் ஆள் போடாமல் சமாளித்துக்கொண்டார்கள். மௌசுமி பல மாதம் ஜானகியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஜானகி செய்தது சரிதான் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். தலைமையாசிரியை வேறு மாதிரி நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கு இன்றும் முழுசாகச் செரிக்கவில்லை.

புது வருஷத்தில் ஜானகிக்கு மறுபடி முழு பீரியட்கள். இந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பள்ளி திறந்து கொஞ்ச நாளில் பிமல்தா என்னிடம் வந்து, மௌசுமி பாடம் நடத்தும்போது தனக்கு ஒரு பீரியட் காலியாக இருக்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். தன் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லி மௌசுமிதான் அவரைக் கேட்டிருக்கிறாள். பதிலுக்கு அவர் வகுப்பில் அவள் உட்காருவாளாம். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஜானகியிடம் சொன்னேன். "பணமும் வேண்டாம், போஸ்ட்டும் வேண்டாம். அந்த பீரியடை மட்டும் காப்பாத்திக் குடு" என்றாள். கேட்பது சுலபம். யாராவது லீவு போட்டால் காலி பீரியடைத்தான் முதலில் பிடுங்குவார்கள். அதைப் பிடுங்கவிடாமல் நான் ஒவ்வொரு நாளும் மல்லுக்கு நின்றேன். முடியாத நாளில் லீவு போட்டவரின் வகுப்புக்கு ஜானகியோ நானோ போனோம். அறக்கட்டளைக்காரர்கள் ஒருமுறை வந்து, பணம் நின்ற பிறகும் இது எப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். "கோச்னு ஒருத்தி இருந்தா, அவ படுத்துண்டா எல்லாம் படுத்துடும். ஒருத்தருக்கொருத்தர் உக்காந்துண்டா யாரு போனா என்ன?" என்று அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள். அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்து பெரியவர்களை வணங்கும் விஜயா நாளில் மௌசுமி சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு ஜானகி வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டு வணங்கினாள் என்று கேள்விப்பட்டேன்.

போன வருஷம் பூஜை விடுமுறைக்குப் பிறகு ஜானகி படுத்தாள். பழைய புற்றுநோய் திரும்பி வந்திருந்தது. முடிந்தவரை பள்ளிக்கு வந்தாள். பிறகு வரவில்லை.

அவளுக்காகப் பள்ளி ஹாலில் ஸ்மரண் சபா என்கிற நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பெங்காலிகள் வழக்கப்படி மேடையில் படம், ரஜனிகந்தா என்கிற சம்பங்கிப் பூ மாலை, இரண்டு பாட்டு. முன்வரிசையில் வயதாகிவிட்ட செக்ரட்டரி. நியூ டவுனிலிருந்து ஜானகியின் பையன் ஸ்ரீராமும் வந்திருந்தான். முதலில் பேசியவர்கள் வழக்கம்போல அன்பு, அர்ப்பணிப்பு என்றார்கள். பிறகு மௌசுமி எழுந்தாள். இன்று அவள் பள்ளியின் மூத்த ஆசிரியைகளில் ஒருத்தி.

"முதல் வருஷம் ஏழாம் வகுப்பை என்னால் அடக்கவே முடியவில்லை. எல்லோரையும் தலையைக் கவிழ்த்துப் படுக்கச் சொல்லிவிட்டு, எழுதாத போர்டை மணி அடிக்கும்வரை துடைத்துக்கொண்டே நிற்பேன். ஜானகிதி அதைப் பார்த்தார், ஒரு நாள் இல்லை, பல நாள். அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் நான் இங்கே இல்லை" என்றாள். செக்ரட்டரியைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு யாரும் பாராட்டிப் பேசவில்லை. பிமல்தா கைத்தடியை ஊன்றி எழுந்து, ஜானகியின் கண்ணெதிரே தான் ஒரு பையனை அறைந்ததையும், மறுநாள் அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னார். ஒருத்தி, புத்தகத்தை வரிவரியாகப் படித்தே ஒரு வருஷத்தை ஓட்டியதைச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, அவள் யாரிடமும் சொல்லாததையெல்லாம் தாங்களே சொன்னார்கள். அழுதார்கள், சிரித்தார்கள். அத்தனையையும் ஒருத்தி தனக்குள்ளேயே வைத்திருந்தாள் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் ஸ்ரீராம் என்னிடம் வந்தான். கண் வீங்கியிருந்தது. "மாமி, அம்மா க்ளாஸ்ல நீங்கதானே உக்காருவேள்? நான் அம்மா பாடம் எடுத்துப் பார்த்ததே இல்லை. எப்படி இருப்பா அங்க? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கோ" என்றான்.

ஆமாம், ஜானகிக்கு ஜோடி நான்தான். கோச் வேலை நின்றுபோன வருஷத்திலிருந்து, அவள் கடைசியாக வகுப்பெடுத்த வாரம் வரை அவளுடைய கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கும் நல்ல நாள் இருந்தது, மோசமான நாள் இருந்தது. உடம்பு முடியாத அந்தக் கடைசி மாதங்களில் நான் பார்த்தவை வேறு. தாயை இழந்த பிள்ளை கேட்கிறான். ஏதாவது ஒன்றைச் சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"உங்கம்மாட்டயே சொல்லிட்டேன்டா கண்ணா, அன்னன்னிக்கே" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டான்.

ஜானகியிடமிருந்து எனக்குப் புடவையோ புத்தகமோ வரவில்லை. அவள் வகுப்பில் நான் பார்த்தது மட்டும் இருக்கிறது. அவளைப் பற்றி எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். அதை மட்டும் எழுதமாட்டேன்.